நாலு தௌ

ஒரு வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றி, பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கூட்டிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதைவிட மனம் நிறைகிற வேலையை நான் இதுவரை செய்ததில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆறாவது ஞாயிறு மாலை வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி சாலையில் வண்டியை எடுத்தவன், வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது முழுசாகச் சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும்.

வண்டி 1965-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. மாங்காய் மண்டி வைத்திருந்த பெரியப்பா 1974-இல் கோலார் தங்கவயலிலிருந்து பழைய வண்டியாக வாங்கி வந்தது. அவருக்குப் பிறகு எங்கள் தோப்புக் கொட்டகையில், பெங்களூரா மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்தியபடி பல வருடம் நின்றது. இன்ஜினை முன்பே சரிசெய்துவிட்டேன். பிரேக்கும் முடிந்தது. மீதம் இருந்தது ஸ்டீயரிங். அதைக் கடைசிக்கு வைத்தேனே, அதுதான் விருந்தின் பாயசம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வண்டலூர்ப் பிள்ளை

ஹெரால்டைப் பார்த்திராத இளைஞர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது நம் மண்ணில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனி 1959 ஏப்ரலில் வெளியிட்ட ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் வந்தது. செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 948 சிசி இன்ஜின். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலாட்டி. அம்பாசிடரும் ஃபியட்டும் உருண்டு திரண்டு நின்ற காலத்தில், இது மட்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக, கூரான ஓரங்களோடு வந்து நின்றது. நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்றால், அது வண்டலூர் செய்தது மட்டும்தான். இங்கிலாந்தில்கூட அதை அவர்கள் செய்யவில்லை.

அதன் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மொத்த முகமும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை செய்யலாம். குனியவே வேண்டாம். மாட்டுத் தொழுவத்தில் முக்காலி போட்டுப் பால் கறக்கிற சௌகரியம்.

இன்னொன்று, இந்த வண்டி முழுக்கவே போல்ட்டால் கூட்டப்பட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃபுக்கு உடற்பகுதி அடித்துத் தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் கிடைக்காமல், தனி சேஸிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். அவர்களுக்கு நெருக்கடி, நமக்கு வரம். எந்தத் துண்டையும் தனியாகக் கழற்றலாம், தனியாகச் சரிசெய்யலாம். தன்னைத் திறந்து பார் என்று கூப்பிடுகிற வண்டி இது.

பந்தயக் குதிரையின் கடிவாளம்

இப்போது ஸ்டீயரிங்குக்கு வருகிறேன். நம்மூர் மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் ‘ஸ்டீயரிங் பாக்ஸ்’ என்றே சொல்வார்கள். நானும் அப்படியேதான் சொல்கிறேன். ஆனால் உள்ளே இருப்பதில் இரண்டு ஜாதி. ஒன்று, நிஜமாகவே பெட்டி: புழு மாதிரி முறுக்குப் பல் வெட்டிய தண்டு ஒன்று, அதில் மாட்டி நகரும் ஆணியோ பல்சக்கரமோ ஒன்று. அங்கிருந்து கை, கம்பி, இன்னொரு கை என்று நாலைந்து மூட்டு தாண்டித்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் எம்ஜி டிசி, ட்ரையம்ஃப் டிஆர்2, டிஆர்3, ஆஸ்டின் ஹீலி 100 எல்லாம் இந்த வகை. நம் பத்மினியும் இதே வகைதான்.

இரண்டாவது, ரேக் அண்ட் பினியன். நேரான இரும்புத் தண்டில் சீப்பு மாதிரி பல். ஸ்டீயரிங் தண்டின் நுனியில் சின்னப் பல்சக்கரம். நாம் ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பினால் சின்னச் சக்கரம் சுழலும், சீப்பு இடம் வலமாக நகரும், அதன் இரு முனையிலும் உள்ள டை ராடு சக்கரத்தைத் தள்ளும். அவ்வளவுதான். கைக்கும் டயருக்கும் நடுவில் இதைவிட நேரான வழி கிடையாது. எம்ஜியின் ஸ்போர்ட்ஸ் கார் 1950-இல் டிடி மாடலில் இதற்கு மாறியது. ட்ரையம்ஃபின் பெரிய ஸ்போர்ட்ஸ் கார் 1961-இல் டிஆர்4 வந்தபோதுதான் மாறியது. ஹெரால்டு என்னும் குடும்பக் காருக்கோ இது 1959-இலேயே கிடைத்துவிட்டது. அண்ணனுக்கு முன்பே தம்பிக்குக் கல்யாணம்!

ஹெரால்டின் ரேக்கைச் செய்தது ஆல்ஃபோர்ட் அண்ட் ஆல்டர் என்ற ஆங்கில நிறுவனம். ட்ரையம்ஃப்காரர்கள் ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கி, அதே முன் அச்சு உறுப்புகளையும் இதே குடும்பத்து ரேக்கையும் போட்டு, மேலே மிகெலாட்டி வரைந்த திறந்த உடலை வைத்தார்கள். 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் பிறந்தது. உலகம் கொண்டாடிய அந்த ஸ்போர்ட்ஸ் கார் 1980 வரை ஓடியது. அதோடு நிற்கவில்லை. இலேசான, கூர்மையான வண்டிகளுக்குப் பேர்போன லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன், தன் ஈலான் காருக்கும் ட்ரையம்ஃபின் ரேக்கைத்தான் எடுத்துக்கொண்டார். ஸ்டீயரிங் என்றால் ஈலான் மாதிரி இருக்க வேண்டும் என்று இன்றும் கார் பைத்தியங்கள் சத்தியம் செய்வார்கள். அந்த வண்டியின் கடிவாளத்துக்குச் சொந்தத் தங்கை, வேப்பனப்பள்ளித் தோப்புக் கொட்டகையில் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தாள். இதை முதலில் படித்துத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் ஹெரால்டுகள் ஏன் அப்படிப் பந்தயம் ஓடின என்பதும் புரிந்தது.

பிரித்தோம்

என் வண்டியின் நோய் இதுதான்: வளையத்தை இரண்டு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாது. நேர்சாலையில் ஓட்டும்போது சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டாற்றுப் பள்ளத்தில் இறங்கினால் ‘டக் டக்’ என்று கையில் அடிக்கும். நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். “இதெல்லாம் இப்ப கிடைக்காது சார். தூக்கிப் போட்டுட்டு வேற வண்டி ரேக்கை வெல்டிங் பண்ணி மாட்டிடலாம்” என்றார்கள். வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தங்கவயல் சுரங்கத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்து, இப்போது குப்பம் பக்கத்தில் இருக்கிறார். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் முடிப்பார். எங்கள் எல்லைப்புறத்தில் அது ஒரே பாஷை. விஷயத்தைச் சொன்னேன். மறு ஞாயிறு காலை ராகிக்களி சாப்பிட்டுவிட்டு வந்து, டயரின் மேல் உட்கார்ந்து, ரேக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்னை வளையத்தை ஆட்டச் சொன்னார். ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“பல்லு நல்லாத்தான் இருக்குது மாப்ளே. ஆட்டம் மூணு இடத்துல. எடுத்துடலாம்.”

கழற்றுவது அரை நாள் வேலை. எத்தனை சுற்று என்று எண்ணி, நடுவில் நிறுத்தி, வளையத்துக்கும் தண்டுக்கும் பெயின்ட்டில் கோடு போட்டுக்கொண்டேன். டை ராடு எண்டு கழற்றும் வித்தையை மாமாதான் காட்டினார். நட்டைத் தளர்த்திவிட்டு, ஸ்டீயரிங் ஆர்மின் துளை இருக்கும் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரே அடி. சாய்வாக இறுகிக் கிடந்த முனை ‘டங்’ என்று தானே விழுந்தது. கவைக்கம்பி போட்டு நெம்பியிருந்தால் ரப்பர் கிழிந்திருக்கும். பிறகு பினியன் தண்டைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட், ரேக்கைச் சேஸிஸோடு கட்டியிருக்கும் இரண்டு யு போல்ட். அவ்வளவுதான், கையில் வந்துவிட்டது. நீளமான ஒரு குழாய், இரு பக்கமும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட், நடுவே ஒரு குமிழ். ஒரு நாகஸ்வரத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தேன்.

குமிழின் மூடியைத் திறந்தபோது எனக்கு அந்த நாளின் பெரிய பரிசு கிடைத்தது. மூடிக்கு அடியில், இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் வளையங்களின் கட்டு ஒன்று இருந்தது. அவற்றில் ஒன்று மட்டும் கம்பெனி வளையம் இல்லை. பித்தளைத் தகட்டில் யாரோ கையால் வெட்டியது. ஓரமெல்லாம் பிசிறில்லாமல் அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். உள்வட்டம், வெளிவட்டம் இரண்டும் காம்பஸ் வைத்த மாதிரி. எனக்கு முன்னால், ஐம்பது வருடத்தில் ஏதோ ஒரு நாள், யாரோ ஒருவர் இந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார். வளையம் கிடைக்கவில்லை. தூக்கிப் போடவில்லை. உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். தங்கவயலில் ஒரு பட்டறையோ, கிருஷ்ணகிரியில் ஒரு மரத்தடியோ, பெயர் தெரியாத அந்த மனிதரின் கை அப்படியே என் உள்ளங்கையில் இருந்தது. மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கை தேர்ந்த ஆளு” என்று சொல்லி, பத்திரமாகத் தீப்பெட்டிக்குள் போட்டார்.

மூன்று ஆட்டம்

முதல் ஆட்டம் குழாயின் இடது கோடியில். வலப்பக்கம் ரேக் தண்டைப் பினியன் தாங்குகிறது. இடப்பக்கம் தாங்குவது ஒரு புஷ் மட்டும். அது முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து, தண்டு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. ‘டக் டக்’ சத்தத்தின் வீடு இதுதான். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அளவு சோதிக்கும் வேலை எனக்கு. அங்கே பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன லேத் பட்டறை. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்த பிறகு ஓசூரில் முளைத்த நூற்றுக்கணக்கான பட்டறைகளில் அதுவும் ஒன்று. பட்டறைக்கார அண்ணன் தண்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தார். கன்மெட்டல் உருளை ஒன்றை லேத்தில் மாட்டிக் கடைந்தார். அந்தப் பொன்னிறச் சுருள்கள் உதிர்ந்த அழகை என்ன சொல்ல! கடைசியில் ரீமர் விட்டு, எண்ணெய் தடவி, தண்டை உள்ளே விட்டார். தன் பாரத்தில் தானே மெதுவாக இறங்கியது. ஆட்டிப் பார்த்தால் அசைவில்லை. தேனில் கரண்டி இறங்குகிற மாதிரி. “அறுபது வருஷத்துக்கு முந்தின வண்டியா? தண்டுக்கு என்னா மெட்டீரியல் போட்டிருக்கான் பாரு தம்பி!” என்று அவருக்கே உற்சாகம். மீதிச் சில்லறையை வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டாவது ஆட்டம் ரேக்கின் இரு நுனியிலும், ரப்பர் பூட்டுக்குள் ஒளிந்திருக்கும் உள் பால் ஜாயிண்ட்டில். டை ராடின் முனை ஒரு பந்து. அதைக் கிண்ணம் மாதிரி இரண்டு நட்டுகள் கவ்விப் பிடிக்கின்றன. நடுவே ஷிம். இதற்கு என்னதான் புது உதிரி தேடினாலும், இருப்பதைச் சரிசெய்கிற சுகம் அதில் இல்லை. ஷிம்மை ஒவ்வொன்றாக எடுத்து இறுக்கிப் பார்த்தோம். பந்து ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. டை ராடைத் தூக்கி விட்டால் உடனே தொப்பென்று விழக் கூடாது. கையால் தள்ளினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, வெண்ணெய் மாதிரி நகர வேண்டும். இடப்பக்கம் மூன்றாவது முயற்சியில் அமைந்தது. வலப்பக்கத்துக்கு ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது. அந்த ஞாயிறைப் போல நிம்மதியான ஞாயிறு எனக்கு அண்மையில் வாய்க்கவில்லை. அமைந்ததும் பூட்டுத் தகட்டின் காதை மடித்துவிட்டு, டீ குடித்தோம்.

மூன்றாவது ஆட்டம் குமிழில். இந்தக் கட்டுரையின் தலைப்பு பிறந்தது அங்கேதான்.

ரேக் தண்டைப் பினியன் ஒரு பக்கம் தள்ளுமல்லவா? அது விலகிப் போகாமலிருக்க, எதிர்ப்பக்கத்தில் ஒரு குமிழ்க்கட்டை தண்டின் முதுகில் அணைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேல் மூடி. மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஷிம் கட்டு. அணைப்பு அதிகமானால் ஸ்டீயரிங் இறுகும். திரும்பிய பிறகு வளையம் தானே நேராக வராது. அணைப்பு குறைந்தால் பல்லும் பல்லும் மோதி ஆடும். எவ்வளவு அணைக்க வேண்டும்? ட்ரையம்ஃபின் பட்டறைப் புத்தகம் சொல்லும் வழியைப் பாருங்கள். முதலில் ஸ்பிரிங் இல்லாமல் மூடியைக் கையால் இறுக்கு, கட்டைக்கு அசைவே இல்லை என்கிற வரைக்கும். இப்போது மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அள. அந்த அளவோடு நாலு தௌ கூட்டு. அதுதான் ஷிம் கட்டின் தடிமன்.

நாலு தௌ! அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. அந்த வண்டி ஆயிரம் குழியில் விழுந்து எழலாம், முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அதன் இதயத்தில் இருக்க வேண்டிய மூச்சுவிடும் இடம் ஒரு தலைமுடி. வேலையில் நான் தினமும் மைக்ரான் கணக்கில்தான் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் பச்சை விளக்கு எரிந்தால் பாஸ், சிவப்பு எரிந்தால் ரிஜெக்ட். அந்த எண்ணுக்கு ஓர் உயிர் உண்டு என்பதை, கட்டிலில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு ஃபீலர் கேஜின் இதழ்களைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன்.

எங்கள் இடைவெளி இருபத்திரண்டு தௌ. நாலு கூட்டினால் இருபத்தாறு. பழைய கட்டு முப்பத்தொன்று இருந்தது. தேய்ந்த அளவுக்கு வளையம் குறைய வேண்டும். கம்பெனி வளையங்களில் சிலவற்றை எடுத்துவிட்டு, புதுப் பித்தளைத் தகட்டில் மெல்லியதாக இரண்டு வெட்டினேன். அந்தப் பெயர் தெரியாதவரின் வளையத்தை மட்டும் எடுக்கவில்லை. எல்லாம் சேர்த்து மைக்ரோமீட்டரில் பிடித்தேன். இருபத்தாறு.

மூடியை இறுக்கியதும் மாமா, “நடுவுல சரியாயிருச்சுன்னு சந்தோஷப்படாத. கோடிக்குக் கோடி போய்ப் பாரு” என்றார். எவ்வளவு சரி! வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் ரேக்கின் நடுப்பல்தான் அதிகம் தேயும், ஓரப்பல் புதுசாகவே இருக்கும். நடுவில் ஆட்டத்தை எடுத்தால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கோடிக்குக் கோடி சுற்றிப் பார்த்தோம். பிடிக்கவில்லை. அடுத்து எடைச் சோதனை. பினியனில் எட்டு அங்குல நீளத்துக்கு ஒரு கம்பியைப் பூட்டி, அதன் நுனியை இழுத்தால் சுமார் இரண்டு பவுண்டு, அதாவது தொள்ளாயிரம் கிராம் விசையில் சுழல வேண்டும். மாமா தன் பையிலிருந்து காய்கறிக்காரர் வைத்திருக்கும் வில் தராசை எடுத்தார். கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தார். முள் ஏறியது... எண்ணூறு, எண்ணூற்று ஐம்பது, தொள்ளாயிரம்... பினியன் சுழன்றது. நான் கைதட்டிவிட்டேன். மாமரத்துக் கிளிகள் எல்லாம் பறந்தன.

பூட்டினோம்

புது பூட் மாட்டுவதற்கு முன் பல்லுக்கும் பந்துக்கும் கிரீஸ். பிறகு வாழ்நாள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியது: குமிழ் மூடியின் திருகை எடுத்து நிப்பிள் மாட்டிக் கிரீஸ் கன்னால் ஐந்தே அழுத்து. ஆறாவதாக ஆசைப்பட்டால் பூட் ஊதி வெடித்துவிடும். சக்கரத்தைத் திருப்பும் கீழ்மூட்டான ட்ரன்னியனுக்கோ கிரீஸ் ஆகவே ஆகாது. மரையிட்ட இரும்புத் தண்டு பித்தளைக் கட்டைக்குள் திருகி நின்று சுழலும் அமைப்பு அது. அந்த மரைக்குள் இறங்கித் தண்ணீரை விரட்ட ஈபி 90 கியர் ஆயில்தான் வேண்டும். கிரீஸ் போட்டே இங்கே எத்தனை ஹெரால்டுகளின் காலை ஒடித்திருக்கிறோம்! ஒரு வண்டி தன் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று இத்தனை தெளிவாகச் சொல்லும்போது, கேட்டு நடப்பதே ஒரு சுகம்.

ஸ்டீயரிங் தண்டையும் கவனித்துப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று போகும் இரு குழாய்கள், நடுவே இறுக்குப் பூட்டு. ஓட்டுகிறவர் உயரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தலாம். மோதினால் தண்டு நெஞ்சில் குத்தாமல் உள்வாங்கும். 1959-இல் ஒரு சாமானியக் குடும்பக் காருக்கு இதை யோசித்திருக்கிறார்கள். அந்தப் பொறியாளர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போல்ட்டை முடுக்கினேன்.

தண்டும் பினியனும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. அதன் குறுக்கே ஒரு சின்னச் செம்பு ஒயரை மறக்காமல் பூட்ட வேண்டும். அந்த ஒயர் இல்லையென்றால் ஹாரன் கூவாது. ரப்பர் மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதை மாட்டி ஹாரனை அழுத்தினேன். கொட்டகை அதிர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து அம்மா, “முடிஞ்சுதாடா?” என்று கேட்டார்.

கடைசி வேலை அலைன்மென்ட். லேசர் மெஷினுக்குப் போகலாம் என்றேன். மாமா மீன்பிடி நைலான் நூலை எடுத்தார். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரு பக்கமும் இழுத்துக் கட்டி, முன்சக்கரங்களின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அளந்து, டை ராடைத் திருகித் திருகி, முன்பக்கம் அரை நூல் உள்வாங்கி நிற்கும்படி வைத்தார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அந்தப் பழைய தச்சர் கணக்கு, கவன்ட்ரிக்காரர்களின் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கையில் வந்த சாலை

அந்த மாலை வண்டியைச் சாலையில் எடுத்தேன். முதல் நூறு அடியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு விரற்கடை ஆட்டம் போன இடம் தெரியவில்லை. வளையத்தைத் தொட்டால் மூக்கு திரும்புகிறது. விட்டால் தானே நேராகிறது. மார்க்கண்டேய ஆற்றுப் பாலத்தின் சேர்ப்புகள் ஒவ்வொன்றும் விரல் நுனியில் தட்டின. தாரின் ஓரம் எங்கே மண்ணாகிறது என்பதைக் கண் பார்க்கும் முன்பே கை சொன்னது. ஈரமான இடத்தில் வளையம் ஒரு கணம் இலேசானது, காய்ந்த இடம் வந்ததும் மறுபடி கனத்தது. ஒரு நல்ல காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவருக்குத் தெரியும், கயிறு சும்மா கயிறல்ல, மாட்டின் மனம் அதில் ஓடும். அப்படித்தான் இருந்தது.

பவர் ஸ்டீயரிங் கார்களைத் தினமும் ஓட்டுகிறேன். ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் டயர் என்ன நினைக்கிறது என்று அவை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த 948 சிசி வண்டி பேசிக்கொண்டே வருகிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் இத்தனை ஆனந்தம் கிடைக்கும் என்றால், நூறில் போகும் ஆசை எதற்கு?

திரும்பும்போது மாமா ஒரு சின்ன ஊரின் குறுகிய தெருவில் நிறுத்தச் சொன்னார். “இங்கேயே திருப்பு.” தெரு, ஒரு மாட்டு வண்டிக்கே யோசிக்க வேண்டிய அகலம். ஹெரால்டின் திரும்புவட்டம் 25 அடி. லண்டன் டாக்சிகள் இந்த அளவுக்குள் திரும்ப வேண்டும் என்று அந்த ஊர்ச் சட்டமே சொல்கிறது. அதே அளவில் நம் வீட்டு வண்டி. வளையத்தை ஒரே பக்கமாகச் சுற்றினேன். முன்சக்கரங்கள் குறுக்கே நிற்பது போலத் திரும்பி, தன் வாலைத் தானே பிடிக்கும் பூனைக்குட்டி மாதிரி ஒரே சுற்றில் வண்டி வந்த வழியைப் பார்த்து நின்றது. ரிவர்ஸ் போடவில்லை. திண்ணையில் இருந்த பிள்ளைகள் “அண்ணா, இன்னொரு வாட்டி!” என்று கத்தினார்கள். இன்னொரு வாட்டி சுற்றினேன். பிறகு இன்னொரு வாட்டி.

பழைய வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரையும் கையெடுத்துக் கேட்கிறேன்: ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் மாற்றாதீர்கள், திறந்து பாருங்கள். அது திறப்பதற்காகவே செய்யப்பட்டது. ஷிம் வைத்தவர்கள், இது தேயும், ஒருநாள் யாரோ வந்து ஒரு வளையத்தை எடுப்பார் என்று தெரிந்தே வைத்தார்கள். எங்கோ ஓர் ஊரில் யாரென்று தெரியாத ஒருவரை நம்பி விட்ட இடம் அது. அந்த நம்பிக்கைக்கு உரிய கைகள் நம்மிடம் இருக்கின்றன. தங்கவயலில் சுரங்கம் மூடினாலும் அந்தக் கை மூடவில்லை. ஓசூரில் ஒவ்வொரு தெருவிலும் அந்தக் கை இருக்கிறது. போய்க் கேட்டால் போதும். கழுத்து வரை வேலை கிடந்தாலும், ஒரு பழைய ரேக்கைக் கண்டால் அவர்கள் கண்ணில் விளக்கு எரியும்.

வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில் விட்டதும், ஒரு சீட்டில் எழுதினேன்: ‘ஷிம் கட்டு 26 தௌ. இடது புஷ் கன்மெட்டல், புதியது. கையால் வெட்டிய பழைய வளையம் உள்ளேயே இருக்கிறது, தயவுசெய்து எடுக்க வேண்டாம்.’ மாமா வாங்கிப் படித்துவிட்டு, தேதியையும் போடச் சொன்னார். மீந்த வளையங்களைத் தீப்பெட்டியில் போட்டு, சீட்டை அதில் சுற்றி, டாஷ்போர்டு அறைக்குள் வைத்தேன். அடுத்து திறக்கப் போகிறவருக்குத் தேவைப்படும்.